டொராண்டோ பேஸ்மென்ட்: பல வருடப் பாவனைக்குப் பிறகு சம்ப் பம்ப், வால்வு, பெயின்ட்

2013 ஜூலை 8 அன்று டொராண்டோ பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீட்டர் மழை பதிவானது. 2024 ஜூலை 16 அன்று கிட்டத்தட்ட 98 மில்லிமீட்டர். டொராண்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் பழைய வீடு வைத்திருப்பவர்கள், பேஸ்மென்டுக்குள் தண்ணீர் வராமல் தடுக்க இந்த இரண்டையும் மனதில் வைத்தே செலவு செய்ய வேண்டும்.

உட்சுவரில் பூசும் வாட்டர்புரூஃப் பெயின்டுக்குக் காசு கொடுக்காதீர்கள். தண்ணீர் வெளியிலிருந்து தள்ளுகிறது. பெயின்டோ உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிறது. சில குளிர்காலம் போனதும் வெள்ளை உப்புப் பூத்து, செதில் செதிலாக உரியும். வார்த்த கொங்கிரீட் சுவரில் ஒற்றை வெடிப்பு என்றால் அதற்குள் செலுத்தி அடைக்கும் பாலியூரித்தேன் இன்ஜெக்‌ஷன் நன்றாக நிற்கிறது. புளொக் சுவருக்கு அது சரிவராது. புளொக்கின் உள்ளே வெற்றிடம் இருப்பதால் ஒரு இடத்தை அடைத்தால் தண்ணீர் வேறு இடத்தால் வரும்.

ஆகக் குறைந்த செலவில் ஆகக் கூடிய பலன் கூரைத் தண்ணீரைத் திருப்புவதில்தான். 100 சதுர மீட்டர் கூரையில் 50 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 5,000 லீட்டர். அது கூரைத் தண்ணீர் இறங்கும் குழாயான டவுன்ஸ்பவுட்டால் இறங்கி அத்திவாரத்தின் அடியிலேயே கொட்டினால் எந்தப் பம்பும் திணறும். 2 மீட்டராவது தள்ளி விழுகிற மாதிரிக் குழாயை நீட்டுங்கள். சுவரிலிருந்து முதல் 10 அடிக்குள் மண் வெளிப்பக்கமாக 6 அங்குலம் சரிய வேண்டும். புதிதாக நிரப்பிய மண் இறுகித் தாழும். வசந்தத்தில் பார்த்து மறுபடி போடுங்கள்.

சம்ப் பம்ப் என்பது பேஸ்மென்ட் குழியில் சேரும் தண்ணீரை வெளியே தள்ளும் பம்ப். அதில் மோட்டாரை விட, தண்ணீர் ஏறியதும் பம்பை இயக்கும் மிதவைதான் முதலில் காலைவாரும். வயரில் தொங்கும் மிதவை ஒடுங்கிய குழியின் சுவரில் சிக்கும். நேர்க்குத்தாக ஏறி இறங்கும் வகை நம்பகமானது. பம்புக்கும், மேலே போன தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் செக் வால்வுக்கும் இடையே குழாயில் 3 மில்லிமீட்டர் துளை இருக்கும். பம்ப் ஓடும்போது அதிலிருந்து தண்ணீர் பீய்ச்சும். ஒழுக்கு என்று நினைத்துச் சிலர் அதை அடைத்துவிடுகிறார்கள். அடைத்தால் காற்று சிக்கி, மோட்டார் இரைந்துகொண்டிருக்கும், தண்ணீர் ஏறாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை குழிக்குள் ஒரு பெரிய வாளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மார்ச்சில் பனி உருகத் தொடங்குமுன் கட்டாயம் செய்யுங்கள். பம்ப் தண்ணீர் போக வெளியே பொருத்தும் நெளிவுக் குழாயைக் குளிர் வருமுன் கழற்றிவிடுங்கள். அதன் மடிப்புகளில் நிற்கும் தண்ணீர் உறைந்தால் பம்புக்கு வழியே இல்லை.

பெரும் மழையோடு கரண்டும் போகும். ஆகவே பேட்டரி பேக்கப் இல்லாத பம்பை அரைப் பம்ப் என்றே சொல்வேன். நீண்ட நேரம் தொடர்ந்து சக்தி தரும் டீப் சைக்கிள் பேட்டரிதான் வேண்டும், கார் பேட்டரி அல்ல. மூன்று முதல் ஐந்து வருடத்தில் மாற்ற வேண்டிவரும். பேக்கப்பில் எரியும் பச்சை லைட்டை மட்டும் நம்பாதீர்கள். கரண்டில் ஓடும் பெரிய பம்பின் பிளக்கைக் கழற்றிவிட்டுக் குழியில் தண்ணீர் ஊற்றினால் உண்மை தெரியும்.

பேக்வாட்டர் வால்வு சிட்டியின் கழிவுக் குழாயிலிருந்து தண்ணீர் வீட்டுக்குள் திரும்பி வருவதைத் தடுக்கிறது, அவ்வளவுதான். சிட்டிக் குழாய் நிரம்பி அது மூடியிருக்கும்போது மேல்மாடியில் யாராவது குளித்தாலோ வாஷிங் மெஷின் ஓடினாலோ அந்தத் தண்ணீர் உங்கள் பேஸ்மென்ட் வடிகாலில்தான் மேலெழும். கீழே வாடகைக்கு ஆட்கள் இருந்தால் இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். பழைய வீடுகளில் அத்திவாரத்தைச் சுற்றியுள்ள மண்ணின் தண்ணீரை வடிக்கும் குழாயான வீப்பிங் டைல் கழிவுக் குழாயோடு இணைந்திருக்கும். வால்வு மூடியதும் அந்தத் தண்ணீருக்கும் போக்கிடம் இருக்காது. எனவே வால்வு போடும்போதே அந்த இணைப்பைத் துண்டித்து, சம்ப் குழிக்குத் திருப்புங்கள். வால்வை மட்டும் விலை பேசும் கொந்திராத்துக்காரரிடம் வீப்பிங் டைல் இணைப்பை என்ன செய்வீர்கள் என்று முதலில் கேளுங்கள். டொராண்டோ சிட்டி வால்வுக்கும் சம்ப் பம்புக்கும் மானியம் தருகிறது. வால்வுக்கு பெர்மிட் வேண்டும், டவுன்ஸ்பவுட் கழிவுக் குழாயோடு இணைந்திருக்கக் கூடாது. வால்வின் மூடியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறந்து, மடலில் படிந்த கொழுப்பைக் கழுவுங்கள். பேஸ்மென்டில் சமையல் நடந்தால் அதைவிட அடிக்கடி.

கோடையில் காற்றுக்காகக் கீழ் ஜன்னலைத் திறப்பது நம்மவர் பழக்கம். வெளியில் உள்ள ஈரக்காற்று குளிர்ந்த சுவரில் பட்டு வியர்க்கும். ஜன்னலை மூடி, டீஹியூமிடிஃபையரை 50 சதவீத ஈரப்பதத்துக்குக் கீழே வையுங்கள். அதன் குழாயை நேரே வடிகாலில் விடுங்கள். ஒழுக்கா, வியர்வையா என்று சந்தேகம் வந்தால் சுவரில் ஒரு சதுர அடி பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் அடித்து ஒரு நாள் விடுங்கள். தாளின் பின்பக்கம் நனைந்தால் சுவர் வழியாக வருகிறது, முன்பக்கம் நனைந்தால் அறைக் காற்றின் ஈரம். அரிசி மூட்டைகளைச் சுவரிலிருந்து நாலு அங்குலம் தள்ளி, பலகையின் மேல் வையுங்கள்.