டொமைன் யார் பெயரில் இருக்கிறது?

வெளியாரிடம் கொடுத்து ஒரு சிறிய மென்பொருளைச் செய்துகொண்டிருப்பவர்கள், மேலே படிக்கும் முன் தங்கள் டொமைன் (இணைய முகவரி) யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். டொமைன் யாருடையது என்று காட்டும் ஹூஇஸ் தேடலில் பெயர் மறைக்கப்பட்டிருந்தால், டொமைன் வாங்கிய தளத்தின் கடவுச்சொல் உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த முகவரி உங்கள் கையில் இல்லை. கோயம்புத்தூரில் ஒரு மென்பொருள் நிறுவனம் எங்களுக்குச் செய்ததை இங்கே எழுதுகிறேன்.

நானும் என் மைத்துனரும் திருப்பூரில் பின்னலாடைத் தொழிலில் இருப்பவர்கள். கிரே துணி (சாயம் போடாத துணி) எத்தனை கிலோ டையிங்குக்குப் போனது, எத்தனை கிலோ திரும்பியது, பிராசஸ் லாஸ் (வேலையில் குறையும் எடை) எவ்வளவு, எந்த டெலிவரி சலான் (துணியோடு போகும் சீட்டு) இன்னும் முடியாமல் கிடக்கிறது என்று கணக்கு வைக்க ஒரு செயலி வேண்டும் என்பது எங்கள் எண்ணம். ஜாப் ஒர்க்குக்கு (வெளியே கூலி வேலைக்கு) அனுப்பிய துணி ஓராண்டுக்குள் திரும்பாவிட்டால், அனுப்பிய தேதியிலேயே அதை விற்றுவிட்டதாக ஜி.எஸ்.டி. சட்டம் கருதும். அந்தப் பயம் எல்லாருக்கும் உண்டு. அதனால் மாதச் சந்தா கொடுத்து வாங்க ஆட்கள் இருந்தார்கள்.

அந்த நிறுவனம் கொடுத்த மதிப்பீட்டில் மைக்ரோசர்வீஸ், பல சர்வர்களை ஒருங்கிணைத்து ஓட்டும் குபெர்நெட்டிஸ், மாங்கோடிபி என்ற தரவுத்தளம், மூன்று கிளவுட் சர்வர் என்று பெரிய பெரிய பெயர்கள் இருந்தன. லட்சம் பேர் ஒரே நேரத்தில் வந்தாலும் தாங்கும் என்றார்கள். ஊரில் உள்ள டையிங் பட்டறைகள் அத்தனையும் சேர்ந்து சலான் போட்டாலும் லட்சம் பேர் வரப்போவதில்லை. உலகம் முழுக்கப் புரோகிராமர்கள் புழங்கும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளமே 2016-ல் ஒரு டஜனுக்கும் குறைவான வலைச் சர்வர்களில்தான் ஓடியது. சலான் கணக்குக்கு மூன்று எதற்கு என்ற கேள்விக்கு, "எதிர்கால வளர்ச்சிக்கு" என்று பதில் வந்தது. செய்கூலி தனி. கிளவுட் கட்டணம் என்று மாதம் 18,000 ரூபாய் அதற்கு மேல்.

பொறியியல் முடித்த எங்கள் உறவுக்காரப் பையன் ஒருவன் ஒருநாள் உள்நுழைவுப் பக்கத்தின் மூல நிரலைத் திறந்து பார்த்தான். மேலேயே, எழுதியவர் குறிப்புக்காக விடும் ஒரு கருத்து வரி இருந்தது. ஆயத்த ஸ்கிரிப்டுகள் விற்கும் சந்தை ஒன்றில், சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் சரக்கு மேலாண்மை மென்பொருளின் பெயரும் பதிப்பு எண்ணும் அதில் அழிக்காமல் அப்படியே இருந்தன. பி.எச்.பி. என்ற நிரல்மொழியும் மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தளமும்தான் ஓடிக்கொண்டிருந்தன. குபெர்நெட்டிஸ் எங்கும் இல்லை. முகவரியைத் தேடியபோது, மூன்று சர்வர் என்று பில் போட்ட இடம் ஒரே ஐ.பி. எண்ணில் (இணையத்தில் சர்வரின் முகவரி எண்) போய் முடிந்தது. அதே எண்ணில் ஒரு கல்யாண மண்டபமும் ஒரு பல் மருத்துவமனையும் உட்பட ஏராளமான தளங்கள். வருடத்துக்குச் சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கும் பகிர்வு ஹோஸ்டிங் அது, பல தளங்கள் ஒரே சர்வரில் குடியிருப்பது.

பி.எச்.பி.யில் ஒரு குறையும் இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். விக்கிப்பீடியாவே அதில்தான் ஓடுகிறது. "ஆயத்த ஸ்கிரிப்டை வாங்கித் திருத்தித் தருகிறோம்" என்று நேராகச் சொல்லியிருந்தால் நியாயமான விலைக்கு மகிழ்ச்சியாக ஒப்புக்கொண்டிருப்போம். டவுன் பஸ்ஸில் ஏற்றிவிட்டு விமான டிக்கெட் காசு வாங்கியதுதான் பிரச்சினை. இன்னொரு சிக்கலும் பிறகு தெரிந்தது. இத்தகைய சந்தைகளில் சாதாரண உரிமம், விரிவான உரிமம் என்று இரண்டு வகை உண்டு. பயனர்களிடம் சந்தா வசூலிக்கும் பொருளாக அதை விற்க விரிவான உரிமம் வேண்டும். எங்களுக்காக வாங்கப்பட்டது எந்த உரிமம் என்ற கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை.

விலகிக்கொள்கிறோம், எங்கள் பொருளைக் கொடுங்கள் என்று கேட்டதும்தான் அவர்களுடைய உண்மையான திறமை வெளிப்பட்டது. டொமைன் நிறுவன உரிமையாளரின் சொந்தப் பெயரில் இருந்தது. டாட் காம் முகவரியை வேறு பதிவாளருக்கு மாற்ற ஒரு குறியீடு வேண்டும். டொமைன் உரிமையாளர் கேட்டால் ஐந்து நாளுக்குள் அதைத் தந்தாக வேண்டும் என்று, டொமைன் பெயர்களை மேற்பார்வையிடும் ஐகான் அமைப்பின் விதி சொல்கிறது. ஆனால் ஆவணப்படி உரிமையாளர் அவர்தானே. 'விடுவிப்புக் கட்டணம்' என்று ஒரு தொகை கேட்டார். அந்தத் தொகைக்குப் பத்து வருடம் பத்து டொமைன்கள் வைத்துக்கொள்ளலாம்.

ஆண்ட்ராய்டு செயலியும் பிளே ஸ்டோரில் அவர்கள் கணக்கில் ஏறியிருந்தது. கணக்குத் திறக்க ஒரே ஒரு முறை 25 டாலர் கட்டினால் போதும். அதைக்கூட எங்கள் பெயரில் செய்யவில்லை. ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குச் செயலியை மாற்ற வழி உண்டு, கொடுப்பவர் மனம் வைத்தால். அப்படியே மாற்றினாலும் அதன் பேக்கேஜ் பெயர் (செயலியின் உள் அடையாளப் பெயர்) மாறாது. எங்கள் பேக்கேஜ் பெயர் அந்த நிறுவனத்தின் பெயரோடு தொடங்கியது. கட்டி முடித்த வீட்டின் அஸ்திவாரத்திலேயே கொத்தனார் தன் பெயரைப் பொறித்து வைப்பதெல்லாம் தெரியாமல் நடப்பதில்லை.

ஓ.டி.பி. குறுஞ்செய்தியிலும் இதே கதைதான். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி, அனுப்புகிற நிறுவனம், அதன் ஹெடர் (அனுப்புநர் பெயர்), செய்தியின் வார்ப்புரு எல்லாம் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் டி.எல்.டி. பதிவுத் தளத்தில் பதிவாகியிருக்க வேண்டும். மூன்றுமே அவர்கள் பெயரில் இருந்தன. நாங்கள் விலகிய அன்றே ஓ.டி.பி. போவது நின்றது. எங்கள் பார்ட்டிகள் (வாடிக்கையாளர்கள்) உள்ளே நுழைய முடியாமல் எங்களுக்குப் போன் செய்தார்கள்.

வழக்கறிஞரிடம் போனோம். அவர் சொன்னதைச் சிறு தொழில் செய்கிற எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் மென்பொருள் நிரல் ஓர் இலக்கியப் படைப்பு. சம்பளத்துக்கு வேலை செய்பவர் பணியின் பகுதியாக எழுதினால் உரிமை முதலாளிக்கு. வெளியாளுக்குக் கூலி கொடுத்து எழுதச் சொன்னால், எழுத்து மூலமாக வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாத வரை, உரிமை எழுதியவருக்கே. பணம் கொடுத்துவிட்டோம் என்பது செல்லாது. உரிமை மாற்றம் கையெழுத்திட்ட எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது 19-ஆம் பிரிவு. எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எந்த நிலப்பரப்புக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்றும் எடுத்துக்கொள்ளப்படும். அவர்கள் தயாரித்த ஒப்பந்தத்தில் 'மென்பொருள் பயன்பாட்டுக்கு ஒப்படைக்கப்படும்' என்ற ஒரே வரிதான் இருந்தது. நுகர்வோர் ஆணையத்துக்கும் உடனே ஓட முடியவில்லை. 2019 சட்டம் வணிக நோக்கத்துக்கு வாங்கியவரை நுகர்வோராகக் கருதுவதில்லை. சுயதொழில் பிழைப்புக்கு என்றால் விலக்கு உண்டு. நாங்கள் எதில் வருவோம் என்பதே தனி வாதமாகிவிடும் என்றார்.

தரவை மீட்டது எக்செல் பொத்தான். அறிக்கைப் பக்கத்தில் இருந்த பதிவிறக்க வசதியை அவர்கள் மூட மறந்திருந்தார்கள். ஓ.டி.பி. நின்ற பிறகும் எங்கள் அலுவலகக் கணினியில் அட்மின் கணக்கு திறந்தே இருந்ததால், அதன் வழியே ஒவ்வொரு பார்ட்டியின் சலான்களையும் இறக்கிக்கொண்டோம். தரவுத்தளத்தின் நகலை வாரம் ஒருமுறை எங்களுக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரு வரி ஒப்பந்தத்தில் இருந்திருந்தால் இதற்கு வேலையே இல்லை. பெரிய நிறுவனங்களும் கடையை மூடத்தான் செய்கின்றன. செயலிகளுக்குப் பின்னணிச் சர்வர் வசதி தந்த, ஃபேஸ்புக் 2013-ல் வாங்கிய பார்ஸ் சேவை 2017 ஜனவரியில் மூடப்பட்டது. ஆனால் ஓராண்டு முன்னதாக அறிவித்தார்கள். சர்வர் நிரலையும் திறமூலமாக, யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி, வெளியிட்டுவிட்டுப் போனார்கள்.

இப்போது புதிதாக எழுதியிருக்கிறோம். ஜாங்கோ என்ற வலைச் செயலிக் கட்டமைப்பு, போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளம், ஒரே ஒரு மெய்நிகர் சர்வர். சலான், கிலோ, பார்ட்டி எல்லாம் ஒன்றோடொன்று கோத்த கணக்கு என்பதால் போஸ்ட்கிரெஸ் இயல்பாகப் பொருந்தியது. எழுதித் தருபவர் போய்விட்டால் அடுத்த ஆள் இந்த ஊரிலேயே கிடைப்பாரா என்று பார்த்துத்தான் கருவிகளைத் தேர்ந்தெடுத்தோம். நிரலைச் சேமித்து வைக்கும் கிட்ஹப் தளத்தில் கணக்கு எங்களுடையது. எழுதுபவருக்கு அதில் அனுமதி மட்டும். டொமைன், சர்வர், பிளே ஸ்டோர், டி.எல்.டி., கட்டண வாயில் எல்லாவற்றிலும் எங்கள் ஜி.எஸ்.டி. எண்ணும் எங்கள் மின்னஞ்சலும்தான். ஒவ்வொரு தவணைக்கும் முன் அன்றைய நிரலை வேறொரு கணினியில் நிறுவி ஓடவிட்டுப் பார்த்த பிறகே பணம் போகிறது. எழுதுபவர் முதலில் சலித்துக்கொண்டார், இப்போது பழகிவிட்டது.

பழைய செயலியை அந்த நிறுவனம் வேறு பெயரில் திருப்பூரிலேயே விற்கிறது. அவர்களுடைய விளம்பரக் கையேட்டின் ஸ்கிரீன்ஷாட் ஒன்றில் எங்கள் பார்ட்டி ஒருவரின் உண்மையான சலான், பெயரும் எடையும் விலையுமாகத் தெரிந்தது. அதற்கு வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்பினோம். பதில் வரவில்லை. படத்தை மட்டும் நீக்கிவிட்டார்கள்.