பயிற்றுநராகத் திரும்பிச் சென்ற முகாம்: அல்டிமேட் ஃபிரிஸ்பீ இளையோர் தலைமைப் பண்புப் பயிற்சி

சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிக் கோடை விடுமுறையில் நடைபெறும் அல்டிமேட் ஃபிரிஸ்பீ தலைமைப் பண்பு முகாமில் பள்ளி நாட்களில் மாணவனாகப் பங்கேற்ற நான், இவ்வாண்டு பயிற்றுநர்களில் ஒருவனாக அங்கே சென்றேன். பிள்ளைகளை அனுப்ப எண்ணும் பெற்றோருக்கும், பயிற்றுநராக அழைக்கப்பட்டுத் தயங்கும் முன்னாள் மாணவர்களுக்கும் உதவும் என்பதால் இதை எழுதுகிறேன்.

தலைமைப் பண்பைக் கற்பிக்க இந்த ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்ததே முகாமின் முதல் சிறப்பு. வட்டமான பிளாஸ்டிக் தட்டைத் தம் அணியினருக்கு எறிந்து முன்னேறி இரு அணிகள் மோதும் ஆட்டம் அல்டிமேட். 1968-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் பள்ளி மாணவர்கள் உருவாக்கிய இந்த ஆட்டத்தில் நடுவர் இல்லை. உலக சாம்பியன்ஷிப் போட்டிகளிலும் ஃபவுலை அறிவிப்பதும் அதைத் தீர்த்துக்கொள்வதும் ஆட்டக்காரர்களின் பொறுப்பே. எதிரணியினர் ஃபவுலை ஒப்புக்கொள்ளாவிட்டால் தட்டு எறிந்தவரிடமே திரும்பிச் செல்லும், ஆட்டம் அங்கிருந்து தொடரும். இந்த எளிய விதிக்குள், பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குத் தன் தரப்பைச் சுருக்கமாகச் சொல்லவும், எதிரில் நிற்பவர் சொல்வதை முழுமையாகக் கேட்கவும், முடிவு பாதகமாக இருந்தாலும் உடனே ஓடத் தொடங்கவும் பயிற்சி கிடைத்துவிடுகிறது.

வாக்குவாதம் நீளும்போது கோட்டுக்கு வெளியே நிற்கும் பயிற்றுநர் உள்ளே புகுந்து தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பது முகாமின் கண்டிப்பான ஒழுங்கு. விதி எது என்று பிள்ளைகள் கேட்டால் மட்டும் விளக்கலாம். அதைக் கடைப்பிடிப்பது மிகக் கடினம் என்பதைப் பயிற்றுநராக நின்றபோதுதான் உணர்ந்தேன். மாநகராட்சிப் பள்ளி மாணவி ஒருத்தி, தன்னைவிட உயரமான, ஆங்கிலத்தில் சரளமாகப் பேசும் பையனிடம் தமிழிலேயே நிதானமாகத் தன் நியாயத்தை எடுத்துச் சொல்லி ஒப்புக்கொள்ள வைத்ததைப் பார்த்தேன். நான் குறுக்கிட்டிருந்தால் அந்த வாய்ப்பு அவளுக்குக் கிடைத்திராது.

ஆட்டம் முடிந்ததும் இரு அணியினரும் கலந்து வட்டமாக நின்று பேசுகிறார்கள். பிறகு விதியறிவு, உடல் மோதலைத் தவிர்த்தல், நடுநிலை, மனப்பாங்கும் தன்னடக்கமும், உரையாடல் ஆகிய ஐந்து பிரிவுகளில், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை எதிரணிக்கு மதிப்பெண் இடுகிறார்கள். நல்ல, வழக்கமான நடத்தைக்கு 2 என்பதே அளவு. அணித்தலைவர் தவிர இந்த ஆட்ட நெறிக்கென்று தனித் தலைவர் ஒருவரும் உண்டு. முகாமில் அப்பொறுப்பு நாள்தோறும் கைமாறுவதால், அதிகம் பேசாத பிள்ளைகளும் அணியின் சார்பில் பேச நேர்கிறது. மாலை வேளைத் திரைக்காட்சிச் சொற்பொழிவுகளில் இதில் பாதி பயன்கூட இல்லை, அவற்றை நிறுத்திவிடலாம்.

குறைகளில் முதன்மையானது கால அட்டவணை. காலையில் காற்று அடங்கியிருக்கும் நேரம் ஓட்டப் பயிற்சிக்குப் போய்விடுகிறது. கடற்காற்று எழும் பிற்பகலில் புதியவர்களுக்கு எறிதல் கற்பிக்கிறார்கள். 175 கிராம் எடையுள்ள தட்டின் விளிம்பு சற்றே மேல்நோக்கிச் சாய்ந்தாலும் எதிர்க்காற்று அதைத் தூக்கிவிடும். மணிக்கட்டைச் சுண்டி உடலின் பக்கவாட்டிலிருந்து எறியும் ஃபோர்ஹேண்ட் எறிதலை முதன்முறை முயலும் பிள்ளை, பிழை மணிக்கட்டிலா காற்றிலா என்று அறியாமலே சோர்ந்துபோகிறது. இரண்டு வகுப்புகளையும் இடம்மாற்றினாலே போதும்.

திரும்பி வரும் பயிற்றுநர்களுக்கு முன்கூட்டிய பயிற்சி அரை நாள் மட்டுமே. ஆடத் தெரிந்தவருக்கெல்லாம் கற்பிக்கத் தெரியும் என்று கொள்ள முடியாது. வெயில் மயக்கத்துக்கான முதலுதவி, வீட்டு நினைவில் இரவில் அழும் பிள்ளையை அணுகும் முறை ஆகியவற்றுக்காவது இன்னொரு நாள் ஒதுக்க வேண்டும். உணவும் தங்குமிடமும் நன்று. பயிற்றுநருக்கு ஊதியம் இல்லை. இது முன்பே தெளிவாகச் சொல்லப்படுகிறது.

பதக்கமோ மாவட்ட அணியில் இடமோ எதிர்பார்க்கும் பெற்றோருக்கு இம்முகாம் ஏற்றதல்ல. தன் வழக்கைத் தானே பேசக் கற்க வேண்டிய 12 முதல் 16 வயதுப் பிள்ளைகளைத் தயங்காமல் அனுப்பலாம். அழைப்பு வந்தால் அடுத்த கோடையிலும் செல்வேன். அதற்கு முன் அட்டவணையை மாற்றும்படி அமைப்பாளர்களிடம் எழுத்து வடிவில் கேட்டிருக்கிறேன்.