வீஆர் ஹெட்செட்டை வெளிவந்த உடனே வாங்கலாமா? கிளிநொச்சியில் பல வருடம் பாவித்த அனுபவம்

வீஆர் ஹெட்செட் என்பது தலையில் மாட்டி, கணினி உருவாக்கும் உலகத்துக்குள் நிற்பதுபோலப் பார்க்கும் கருவி. புதிதாக ஒன்று வெளிவரும் போதெல்லாம் எங்கள் பக்கத்துப் பெடியள் வந்து கேட்பது ஒன்றுதான்: "அண்ணை, இப்பவே எடுப்பமா, பொறுப்பமா?" பொறுங்கள் என்றுதான் சொல்வேன். குறைந்தது ஒன்றரை வருடம், முடிந்தால் இரண்டு. 2016 இல் வந்த முதல் தலைமுறை ஹெட்செட் ஒன்றைக் கிளிநொச்சியில் வைத்துப் பல வருடமாகப் பாவித்த பிறகு சொல்லும் பதில் இது.

அதை வாங்கியவர் ரொறன்ரோவில் இருக்கும் என் மச்சான். வெளிவந்த கையோடு முழு விலை கொடுத்து வாங்கினார். பிறகு அவர் அடுத்த மொடலுக்கு மாறியபோது, ஊருக்கு வந்த சொந்தக்காரரின் பொதியில் எனக்கு வந்து சேர்ந்தது. எந்தக் கொம்பனி என்று இங்கே எழுதவில்லை. நான் சொல்லும் குறைகளில் அநேகமானவை அந்தக் காலத்து ஹெட்செட்டுகள் எல்லாவற்றுக்கும் பொதுவானவை.

முதலில் காசைப் பார்ப்போம். 2016 மார்ச் கடைசியில் ஒக்யூலஸ் ரிஃப்ட் என்ற ஹெட்செட் 599 டொலருக்கு வந்தது. ஏப்ரலில் எச்ரிசி வைவ், 799 டொலர். ஒக்டோபரில் பிளேஸ்டேசன் வீஆர், 399 டொலர். அதற்கு வேண்டிய கமராவைத் தனியாக வாங்க வேண்டும். ரிஃப்ட் பெட்டிக்குள் இருந்ததோ சாதாரண எக்ஸ்பொக்ஸ் கொன்ட்ரோலர். அந்த உலகத்துக்குள் கையை நீட்டி ஒரு பொருளைத் தூக்க ஆசைப்பட்டவர்கள் டிசம்பர் வரை காத்திருந்து, இரண்டு கையிலும் பிடிக்கும் டச் கொன்ட்ரோலருக்கு இன்னும் 199 டொலர் கட்டினார்கள். அடுத்த மார்ச்சில் ரிஃப்ட்டும் டச்சும் சேர்த்தே 598 டொலர். அந்தக் கோடையிலேயே இரண்டும் சேர்ந்து 399 டொலருக்கு இறங்கின. வைவ்வும் அந்த ஓகஸ்ட்டில் 200 டொலர் குறைந்தது. முதலில் ஓடிப்போய் வாங்கியவர்களுக்கு மிஞ்சியது முதலில் பார்த்த சந்தோசம். அது சின்னச் சந்தோசமில்லைதான், ஆனால் ஒரு வருடம் பொறுத்தவர்கள் அரைவாசிக் காசுக்கு முழுச் சாமானையும் வாங்கினார்கள்.

ரிஃப்ட்டும் வைவ்வும் கணினியில் செருகித்தான் ஓடும், அந்தக் கணினியின் செலவு வேறு. ஜிரிஎக்ஸ் 970 கிராபிக்ஸ் கார்ட், ஐ5 புரொசெசர், 8 ஜிபி ரம் என்று ரிஃப்ட்டுக்குப் பரிந்துரைத்தார்கள். கணினியோடு சேர்த்து விற்ற பொதிகளில் மலிவானதே 1,499 டொலர். அப்போது ஒரு டொலர் ஏறக்குறைய 145 ரூபாய், ஆகவே சுங்க வரிக்கு முன்னமே இரண்டு இலட்சத்தைத் தாண்டிவிடும். வெளிநாட்டில் இரண்டு வேலை செய்து அனுப்பும் காசில் வீடு கட்டும் குடும்பங்கள் இருக்கும் இடத்தில், இது யோசிக்காமல் எடுக்கிற சாமானில்லை.

இவ்வளவும் கொடுத்து வாங்கினால் விளையாட என்ன இருந்தது? குட்டிக் குட்டி விளையாட்டுகள், ஒரு மணித்தியாலத்தில் முடியும் மாதிரிகள். ஆட்கள் இன்றைக்கும் பேசும் பீட் சேபர் 2018 இல்தான் வந்தது. முழு நீள விளையாட்டு என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்லக்கூடிய ஹாஃப் லைஃப்: அலிக்ஸ் வர 2020 மார்ச் ஆகிவிட்டது. அந்த ஹெட்செட்டைத் தலையில் மாட்டக் காரணமாக இருந்த விளையாட்டுகள், அது வந்து இரண்டு வருடம், நான்கு வருடம் கழித்தே வந்தன. நான் பொறுங்கள் என்று சொல்ல முதற் காரணம் இதுதான், விலை அதற்கு அடுத்ததுதான்.

இனி வன்னிக்கு வருவோம். இங்கே உள்ள சங்கடங்களை விமர்சனம் எழுதும் வெளிநாட்டுக்காரர் யாரும் எழுதமாட்டார்கள்.

வெக்கைதான் பெரிய பிரச்சினை. ஜூலை, ஓகஸ்ட்டில் மத்தியானம் ஹெட்செட்டைப் போட்டுப் பத்து நிமிடம் கை வீசினால் முகத்தைச் சுற்றியுள்ள பஞ்சு வேர்வையில் ஊறிவிடும். லென்சில் ஆவி படியும். கழற்றித் துடைத்து மறுபடி போட்டால் மறுபடி படியும். பஞ்சுக்கு மேல் போடும் சிலிக்கன் உறை ஒன்றை வாங்கினேன். துடைக்க வசதி, ஆனால் இன்னும் வெக்கை. கடைசியில் விடிய ஆறு மணிக்கு முன்னும், இரவு எட்டுக்குப் பிறகும் மட்டும் விளையாடுவது என்று பழகிவிட்டது. சோளகம் வீசும் மாதங்களில் கிறவல் ரோட்டுப் புழுதி வேறு. லென்சைச் சேலைத் தலைப்பாலோ சட்டை நுனியாலோ துடைத்தால் கீறு விழும். கமரா துடைக்கும் மெல்லிய துணிதான் சரி.

அடுத்தது சென்சர். அந்தத் தலைமுறைக்கு அறைக்குள் சென்சர் பூட்டவேண்டும். கணினியோடு பாவிப்பவை அகச்சிவப்பு ஒளியை வைத்து நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று கண்டுபிடிப்பதால், கண்ணாடியில் பட்டுத் தெறிக்கும் ஒளி அதைக் குழப்பிவிடும். எங்கள் வீட்டு முன் அறையில் கண்ணாடி அலுமாரி, சுவர் நிறையச் சாமிப் படங்கள். விளையாடும்போது கை திடீரென்று அறையின் அடுத்த மூலைக்குப் பறக்கும். அலுமாரிக்குப் போர்வை, படங்களுக்கு வேட்டித் துணி என்று மூடிய பிறகுதான் கை கையின் இடத்தில் நின்றது. அம்மாவுக்குச் சாமிப் படத்தை மூடுவது பிடிக்கவில்லை, அதனால் வெள்ளிக்கிழமைகளில் ஹெட்செட் பெட்டிக்குள்ளேயே இருக்கும்.

கரண்ட். 2022 மார்ச் கடைசியில் நாடு முழுக்க ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டினார்கள். அந்தக் காலத்தில் ஹெட்செட்டைத் தொட்டதே இல்லை. சாதாரண நாளிலும் மழைக் காற்றுக்குச் சடாரென்று கரண்ட் போகும். திரையில் விளையாடுபவருக்குத் திரைதான் இருளும். ஹெட்செட் போட்டவருக்கு நின்றுகொண்டிருந்த உலகமே இல்லாமல் போகும். கை அந்தரத்தில் நிற்கும், எந்தப் பக்கம் கதவு என்று தெரியாது. காலில் கேபிள் வேறு சுற்றியிருக்கும்.

அந்தக் கேபிள்தான் முதலில் பழுதானது. வலக்கண் படம் விட்டுவிட்டு வரத் தொடங்கியது. போன் திருத்தும் கடைத் தம்பி பிளக்கைத் திறந்து பார்த்துவிட்டு, இது இந்த ஹெட்செட்டுக்கென்றே செய்த கேபிள், வெளியில் கிடைக்காது என்றார். கொம்பனி விற்பதை நிறுத்திவிட்டது. கொழும்பில் தேடியும் இல்லை. மச்சான்தான் பழைய சாமான் விற்பவர் ஒருவரிடம் எடுத்து அனுப்பினார். உத்தரவாதம் என்ற சொல்லுக்கு இங்கே பெறுமதி குறைவு. கனடாவில் வாங்கியதற்குக் கனடாவில்தான் உத்தரவாதம்.

தலைச்சுற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். கண் நடக்கிறேன் என்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு நிற்கிறேன் என்கிறது. அந்த முரண்பாட்டில்தான் ஓங்காளம் வருகிறது. நின்ற இடத்தில் நின்று விளையாடுபவை பரவாயில்லை, கொன்ட்ரோலர் குச்சியால் நடப்பவை மோசம். தொடங்கும்போது பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். தலை பாரமாகத் தொடங்கியதும் கழற்றிவிடுங்கள். தேசிக்காய்த் தண்ணீர் குடித்து, அன்றைக்கு அதோடு விட்டுவிடுங்கள். சமாளித்துப் பழகலாம் என்று தொடர்ந்தால் அடுத்த நாளும் தலை சரிவராது. படமும் அப்போது அவ்வளவு தெளிவில்லை. ரிஃப்ட், வைவ் இரண்டிலும் ஒரு கண்ணுக்கு 1080க்கு 1200 புள்ளிதான், யன்னல் வலைக்குள்ளால் பார்ப்பதுபோல இருக்கும்.

இவ்வளவுக்கும் பிறகு ஏன் வைத்திருக்கிறேன்? ஒரு காரணம் மாமி. மச்சான் வெளிநாடு போன பிறகு அவர் இருக்கும் இடத்தை மாமி கண்டதில்லை, விசாவுக்குப் போட்டும் கிடைக்கவில்லை. ஒரு நாள் கதிரையில் இருத்தி, கூகிள் ஏர்த் வீஆரில் ரொறன்ரோவைத் திறந்தேன். அங்கே கட்டடங்கள் முப்பரிமாணத்தில் எழுந்து நிற்கும். சிஎன் கோபுரத்துக்குப் பக்கத்தில் மாமியை இறக்கியதும் என் கையை இறுக்கிப் பிடித்தார். கொஞ்ச நேரத்தில் கீழே குனிந்து ரோட்டைப் பார்க்கத் தொடங்கினார். "இதுக்குள்ள எந்த வீடு தம்பி?" என்று கேட்டார். மச்சானுக்கு போன் எடுத்து, அவர் சொல்லச் சொல்ல நகர்த்திப் போய் வீட்டுக் கூரையைக் காட்டினோம். பிறகு எங்கள் ஊர்ப் பக்கத்து இரணைமடுக் குளத்துக்கு வந்தோம். இங்கே எல்லாம் தட்டையான செய்மதிப் படம்தான், ஆனால் குளத்தின் கட்டைக் கண்டதும் மாமியே வழி சொல்லத் தொடங்கிவிட்டார். இதை எந்தத் திரையிலும் என்னால் காட்டியிருக்க முடியாது. வீஆரில் எனக்கு நம்பிக்கை உண்டு. அதனால்தான் முதல் மாதமே வாங்கிச் சலித்து அலுமாரிக்கு மேல் எறிந்துவிடாதீர்கள் என்கிறேன்.

புதிய ஹெட்செட்டுகள் நிறைய மாறிவிட்டன. 2019 இல் வந்த குவெஸ்ட்டுக்குக் கணினியும் வேண்டாம், வெளிச் சென்சரும் வேண்டாம். பற்றரியில் இரண்டு மணித்தியாலமளவில் ஓடும், கரண்ட் போனாலும் கவலையில்லை. ஆனால் அதற்கும் ஆயுள் உண்டு: 2024 ஓகஸ்ட்டோடு பாதுகாப்பு மேம்படுத்தல்களும் நின்றுவிட்டன. 2020 இல் 299 டொலருக்கு வந்த குவெஸ்ட் 2 இன் பஞ்சு சிலருக்குத் தோலில் எரிச்சல் தந்ததால் அடுத்த வருடம் திருப்பி அழைத்துச் சிலிக்கன் உறை கொடுத்தார்கள். விலையோ 2022 இல் 100 டொலர் கூடியது. ஆகவே விலை இறங்கும் என்று மட்டும் நம்பிப் பொறுக்காதீர்கள். குறைகள் வெளிவரட்டும், விளையாட்டுகள் வரட்டும் என்று பொறுங்கள். இன்றைக்கு ஒருவர் கேட்டால் 2024 ஒக்டோபரில் 299 டொலருக்கு வந்த குவெஸ்ட் 3எஸ் போதும் என்பேன். அந்த வெளியீட்டு விலைக்கு, டொலர் 300 ரூபாய் என்று வைத்தால் தொண்ணூறாயிரமளவில் வரும், வரி தனி.

வெளிநாட்டில் இருந்து பழையதாக வருகிறதென்றால் அனுப்ப முன் மூன்றைப் பார்க்கச் சொல்லுங்கள். லென்சுக்குள் வெயில் பட்டிருந்தால் திரையில் மஞ்சள் பொட்டுகள் எரிந்திருக்கும். வட்டக்கச்சியில் ஒரு தம்பிக்கு அப்படித்தான் வந்து சேர்ந்தது, அதைத் திருத்த வழியே இல்லை. கொன்ட்ரோலர் குச்சி தானாக அசைகிறதா என்று பார்க்க வேண்டும். பழையவரின் கணக்கை முழுக்க நீக்கி, தொடக்க நிலைக்குக் கொண்டுவந்து அனுப்பச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ரொறன்ரோவில் விடியும் வரை கடவுச்சொல்லுக்குக் காத்திருக்க வேண்டிவரும்.