அரை நாள் வேன் டூர்: சாக்லேட் கடைக்கு முக்கால் மணி, சர்ச்சுக்குக் கால் மணி

மதுரையிலிருந்து அக்கா வீட்டார் வந்திருந்தார்கள். நான் குன்னூரில் மரவேலை செய்கிறவன், ஊட்டி எனக்குப் புதிதில்லை. ஆனாலும் ஆறு பேரோடு பஸ் சரிப்படாது என்று அரை நாள் வேன் பேசினோம். வேன் சுத்தம். ஓட்டுநர் தம்பி மழையில்கூட வளைவில் ஒருதரம் உலுக்கவில்லை.

குறை நேரத்தில்தான். சாக்லேட் கடையில் முக்கால் மணி நேரம் நிறுத்தினார். மைசூர் ரோட்டில் புனித ஸ்டீபன் ஆலயம் வந்ததும், "கால் மணில வந்துருங்கண்ணே" என்றார்.

வெளிர்மஞ்சள் சுவர், கோட்டை மதில் மாதிரி பல் வைத்த கட்டையான கோபுரம். போட்டோவுக்குக் கால் மணி போதும். நான் உள்ளே போய் அண்ணாந்து நின்றுவிட்டேன்.

"என்ன மாப்ள, பல்லி பாக்குறியா?" என்றார் மச்சான்.

"திப்பு சுல்தான் வீட்டு விட்டம் மச்சான்" என்றேன். அக்கா மகன் செல்போனைக் கீழே இறக்கினான்.

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் லால்பாக் அரண்மனையைப் பிரித்துக் கொண்டுவந்த மரம் அது. திப்பு இறந்தது 1799-ல். ஆலயத்துக்கு அடிக்கல் போட்டது 1829 ஏப்ரல் 23, போட்டவர் மதராஸ் கவர்னர் லஷிங்டன். பழைய வீட்டு மரத்தை வாங்கிப் புது வீட்டுக்கு இழைப்பது எங்கள் தொழிலில் சகஜம். வருஷக்கணக்கில் காய்ந்து நின்ற மரம் லேசில் முறுக்காது. நீலகிரி ஈரத்துக்கு அதுதான் தோது. கட்டிய கேப்டன் அண்டர்வுட் ராணுவக்காரர், அவருக்கும் இந்தக் கணக்கு இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. மொத்தச் செலவு 24,000 ரூபாயாம். 1830 நவம்பரில் கல்கத்தா பிஷப் டர்னர் வந்து அர்ப்பணம் செய்தார். மேற்குச் சுவரில் கடைசி இராவுணவு ஓவியம் இருக்கிறது. எனக்கென்னவோ கண் திரும்பத் திரும்ப மேலேதான் போனது.

பின்னால் சரிவில் கல்லறைத் தோட்டம். ஊட்டியை உருவாக்கிய கலெக்டர் ஜான் சல்லிவனின் மனைவியும் மகளும் அங்கேதான் இருக்கிறார்கள். பாசி பிடித்த படியில் அக்கா கையைப் பிடித்துப் பாதி ஏறியிருப்போம், கீழே ஹாரன். திரும்பிவிட்டோம். அடுத்த செவ்வாய்க்கிழமை நான் மட்டும் பஸ்ஸில் போய் மீதியைப் பார்த்தேன்.

வண்டி ஓட்டியதற்கு மூன்று ஸ்டார். நேரம் ஒதுக்கியதற்கு ஒன்றும் இல்லை. வேன் பேசுகிறவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே சர்ச்சுக்கு ஒரு மணி நேரம் என்று சொல்லிவிடுங்கள்.