பழைய போட் எஞ்சின் ரிப்பேருக்குக் கொடுக்கப்போறவங்க இதப் படிச்சிட்டுக் கொடுங்க, எனக்கு 42,000 ரூவா போச்சு

எழுதும்போதே கை நடுங்குது. அப்பா வாங்கிப்போட்ட 16 அடி பைபர் வள்ளம் ஒண்ணு வீட்ல இருக்கு. தொழிலுக்கு இல்ல, ஞாயித்துக்கிழமை பிள்ளைகள ஏத்திட்டு கன்னியாகுமரி பக்கத்துல மணக்குடி காயல்ல ஒரு சுத்து போறதுக்குத்தான். வள்ளத்துக்குப் பின்னால மாட்டுற 15 எச்பி டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு எஞ்சின், பழசு. ரெண்டு மாசம் முன்ன எஞ்சினக் குளுத்திட்டுப் பின்னால பீச்சுற தண்ணி நூலு மாதிரி ஆயிட்டு, சூடும் ஏறிச்சு. ஒரு அவுட்போர்டு ஒர்க்‌ஷாப்ல கொண்டு கொடுத்தேன்.

அந்த ஆளு அடியில கியர்பாக்ஸ் ஸ்குரூவக் கழட்டி ஆயில விரல்ல எடுத்து என் கண்ணு முன்னால தேச்சுக் காட்டினாரு, பால் சாயா கலர்ல இருந்து. "தண்ணி ஏறியிருக்கு தம்பி, சீல் போச்சு. இம்பெல்லர், பிஸ்டன், ரிங் எல்லாம் மாத்திருவோம், பொறவு நீ இந்தப் பக்கமே வரவேண்டாம்"ன்னாரு. இம்பெல்லர்னா எஞ்சினக் குளுத்துற தண்ணிய இழுத்துத் தள்ளுற ரப்பர் சக்கரம். உண்மையத்தானே காட்டுறாருன்னு நெனச்சேன். மேல ஒரு வார்த்த, "ஒங்க அப்பாவ எனக்குத் தெரியும்லா." அப்பா போயி மூணு வருசம் ஆச்சு. அதக் கேட்டதும் பில்லு கூட கேக்காம 42,000 ரூவாயும் ஜீபேல போட்டேன்.

டிரம்முல வச்சு ஓட்டிக் காட்டும்போது தண்ணி ஜோரா பீச்சுச்சு. ஞாயித்துக்கிழமை காயல்ல 20 நிமிசம் ஓடல, கிரீச்சுன்னு ஒரு சத்தம், ஜாம். கயித்த இழுத்தா அசையல. காயல் கடல்ல சேருற பொழி தொறந்து கெடக்கு, நீரோட்டம் கடலப் பாத்து இழுக்குது, 2004 சுனாமியில பாலமே அடிச்சிட்டுப் போன இடம் அது, வள்ளத்துல என் ரெண்டு பிள்ளைகளும் இருக்காங்க, லைப் ஜாக்கெட் போட்டிருந்தாங்க, நான் துடுப்ப வச்சு துழைஞ்சு துழைஞ்சு கரை சேந்தேன், சின்னவ அழுகைய நிப்பாட்டவே இல்ல.

நேத்து வேற ஒரு மெக்கானிக் அண்ணன் பிரிச்சாரு. இம்பெல்லர் பழசேதான், ரப்பர் இதழெல்லாம் ஒரே பக்கமா மடங்கி வெறைச்சுக் கெடக்கு, ஒரு இதழ் ஒடைஞ்சு தண்ணி போற வழிய அடைச்சிருக்கு. பிஸ்டனுக்கு மேல இருக்குற ஹெட்டக் கழட்டினா வருசக்கணக்கான கரி அப்பிடியே அப்பிக் கெடக்கு, தொறக்கவே இல்ல. புதுசா இருந்தது கியர் ஆயிலும் மேல் மூடியில அடிச்ச கறுப்பு பெயிண்டும். பெயிண்டுக்கு 42,000 ரூவா!

போன் பண்ணினா முதல்ல "உப்புத்தண்ணில ஓட்டிருப்ப"ங்காரு. காயல்ல வேற என்ன தண்ணி வரும்? பொறவு "ஆயில் கலக்கல"ங்காரு, பெட்ரோல் லிட்டருக்கு 20 மில்லி நான் அளந்து ஊத்துனது. பொறவு "பையன்தான் பாத்தான், அவன் கேரளாவுக்குப் போயிருக்கான்." கடைசியா "ஒங்க அப்பா இருந்தா இப்பிடிப் பேசமாட்டாரு"ன்னு வச்சிட்டாரு. இப்ப எடுக்கவே மாட்டேங்காரு.

என்னெல்லாம் பாக்கணும்னு விவரமா எழுதத்தான் உக்காந்தேன், முடியல. கழட்டுன பழைய சாமானக் கையில வாங்குங்க. ஹெட்டத் தொறக்கும்போது பக்கத்துல நில்லுங்க. டிரம்முல ஓடுறத நம்பாதீங்க, தண்ணில ஒரு மணிநேரம் லோடோட ஓட்டிட்டுப் பாதிப் பைசாவக் குடுங்க. பில்லு வாங்குங்க.

நாளைக்குக் காலையில அந்த இம்பெல்லரக் கவர்ல போட்டு அங்க கொண்டு போறேன், 42,000 ரூவா வராம எந்திரிக்க மாட்டேன்.