லட்சத்தீவின் குடிநீர்: சவ்வு வடிப்பா, ஆழ்கடல் குளிர்ச்சியா?

லட்சத்தீவில் ஆறும் இல்லை, அணையும் இல்லை. பவளத்தீவு மணலுக்கடியில் மெல்லிய படலமாக நிற்கும் நன்னீரை அளவுக்கு மீறி இறைத்தால் கிணறு உவர்த்துவிடும். மிச்சமிருப்பது கடல்நீர்.

கடல்நீரை நுண்ணிய சவ்வு வழியே அழுத்தி உப்பை வடிக்கும் ஆர்.ஓ. முறை மின்சாரத்தில் சிக்கனமானது, கையடக்கமானதும்கூட. ஆனால் சவ்வுகள் அடைத்துக்கொள்ளும். மாற்றுச் சவ்வும் ரசாயனமும் கப்பலில்தான் வர வேண்டும். மழைக்காலக் கடல் யாருக்கும் நாள் குறித்துத் தராது. வடித்தபின் மிஞ்சும் அடர் உப்புநீரைப் பவளப்பாறைகளின் பக்கம் விடுவதும் நல்லதல்ல.

சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் 2005இல் லட்சத்தீவின் தலைநகரான கவரத்தியில் வேறு வழியைக் காட்டியது. மேற்பரப்பு நீர் சுமார் 28 டிகிரி. 350 மீட்டர் ஆழத்தில் ஏறத்தாழ 12. காற்றழுத்தம் வெகுவாகக் குறைக்கப்பட்ட அறையில் மேல்நீரின் ஒரு சிறு பங்கு ஆவியாகிறது. குழாயில் ஏற்றிய ஆழ்நீர் அந்த ஆவியைக் குளிர்வித்துக் குடிநீராக்குகிறது. நாளுக்கு ஒரு லட்சம் லிட்டர். சவ்வு இல்லை, கடலுக்குத் திரும்பும் நீரில் உப்பும் பெரிதாக ஏறுவதில்லை.

விலை? பம்புகள் கூடுதல் மின்சாரம் கேட்கின்றன. அந்த மின்சாரமோ பெரும்பாலும் கப்பலில் வந்த டீசல். அலை முறித்தால் நீண்ட குழாயும் போச்சு.

இருந்தும், கரையருகிலேயே கடல் செங்குத்தாக இறங்கும் இத்தீவுகளுக்கு என் ஓட்டு இரண்டாவதற்கே. சென்னைக்கு அது பொருந்தாது: அங்கே அத்தகைய ஆழத்தைத் தேடி, 2007இல் சோதனை ஆலையைக் கரையிலிருந்து 40 கிலோமீட்டர் தள்ளி மிதக்கவிட வேண்டியிருந்தது.