எஸ்.பி. ரோட்டுல வாங்குன குட்டி யூஎஸ்பி டாக் (DAC), மூணு மாசம் கழிச்சு

போன்ல 3.5 எம்எம் ஜாக் இல்லாம போனதுல இருந்து என் பழைய வயர் ஹெட்போன் பீரோலயே கெடந்துச்சு, பெங்களூர் எஸ்.பி. ரோட்டுல ஒரு சின்ன கடைல இந்த யூஎஸ்பி டாக், அதாவது போன்ல இருக்குற டிஜிட்டல் பாட்டை வயர் ஹெட்போனுக்கு ஏத்த சிக்னலா மாத்துற குட்டி கருவி, வாங்கி மாட்டுனேன், அப்பா... மிருதங்கத்துல தொப்பி பக்கம் விழுற ஒவ்வொரு அடியும் தனியா கேக்குது, வீணைல கமகம் இழுக்குறது வரைக்கும் காதுக்குள்ள வருது, மெட்ரோல ஒயிட்ஃபீல்டு போற வழி முழுக்க இதான். ப்ளூடூத் பாட்டை சுருக்கித்தான் அனுப்பும், இதுல அந்த வேலையே இல்ல. என்னோட ஹெட்போன் 32 ஓம் (ஓம்ங்கிறது மின்தடை, அது கூடுனா சத்தம் வர பொதுவா கூடுதல் வோல்டேஜ் வேணும்), பாதி வால்யூமே தாராளம். 300 ஓம் ஹெட்போன் வச்சிருக்குற நண்பருக்கு சத்தம் பத்தல. போன் சார்ஜ் கொஞ்சம் வேகமா இறங்கும். டாக்கோட அந்த குட்டி கேபிள்தான் கவலை, பாக்கெட்ல மடங்கி மடங்கி பிளக் கிட்ட லூசாயிருச்சு, கேபிள் தனியா கழட்டி மாத்துற மாடலா பாத்து வாங்குங்க.